டேப்பட் சத்தம்

ஏனுங்க தம்பி, ஹெல்மெட்டக் கையில வெச்சுக்கிட்டு பஸ்ல வர்றீங்களே, வண்டிய சர்வீஸுக்கு விட்டுட்டு வர்றீங்களா? என்னங்க? இருங்க, எடம் மாத்தி உக்காந்துக்கலாம். எனக்கு இந்தப் பக்கத்துக் காதுதான் கொஞ்சம் தேவலை. டிரைவரு வேற பாட்டப் போட்டுட்டாரு, ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது. இப்பச் சொல்லுங்க.

ஸ்கூட்டருங்களா? நெனச்சேன். வால்வு பாக்கச் சொல்லிட்டு வந்தீங்களா? டேப்பட்டு, டேப்பட்டு. சொல்லலீங்களா? நல்லவேளை. இல்ல, சொல்லிருக்கோணுமோ என்னமோ. அத தவணை தவறாமத் தொறந்து பாக்கறது நல்லதா, பாக்காம உடறது நல்லதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க. அது வெளங்காமத்தான் என்ற பொழப்பு இப்பிடி நடு ரோட்டுல நிக்குது.

நான் பெதப்பம்பட்டி போறனுங்க. அங்க என்ற மச்சான் ஊடு. சம்சாரத்தோட அண்ணன், வெள்ளியங்கிரின்னு பேரு, தென்னந்தோப்பு வெச்சிருக்காரு. சம்சாரம் அங்கதான் இருக்கறா. கூட்டியாரப் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியாது. ஆடி நோம்பிக்கு முன்னால போனவ, இப்பப் பொரட்டாசியே வந்துருச்சு. கோவிச்சுக்கிட்டுப் போனாளான்னு கேட்டா அதுவும் தெரியாதுங்க. சண்டையே இல்லை. நான் கை நீட்டற ஆளுமில்லை, குடிக்கற ஆளுமில்லை. நாச்சிமுத்து எப்பிடின்னு எங்க பக்கத்துல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டா. அதத்தான் தாங்க முடியலை. நாலு வார்த்தை திட்டிப்போட்டுப் போயிருந்தா, சரி, இதுக்குத்தான் போனாள்னு மனசு ஒரு எடத்துல நிக்கும். இப்ப எங்க போயி நிக்கறது?

எனக்குத் தறிப்பட்டறையில வேலைங்க, பல்லடத்துக்குப் பக்கத்துல. மீசை மொளைக்கறதுக்கு முன்னால உள்ள போனவன், இன்னும் வெளிய வரலை. தறி ஓடற பட்டறைக்குள்ள நின்னு பாத்திருக்கீங்களா? வெளிய ரோட்டுல போறப்பக் கேக்கறதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. உள்ள வந்து நின்னீங்கன்னா மண்டைக்குள்ள ஆணி அடிக்கறாப்பல இருக்கும். நாங்க பழகிப்போட்டோம். அதுனால ஊட்டுக்கு வந்தா எனக்கு ஒரு சத்தம் ஆகாது. மிக்சியக்கூட நான் வர்றதுக்குள்ள ஓட்டி முடிச்சுருவா பாவம். டிவிய மட்டும் நான் கொஞ்சம் சத்தம் தூக்கி வெப்பேன், செய்தி கேக்கோணுமில்லீங்களா? அதுக்குப் பக்கத்தூட்டுக்காரங்க வந்து கொறைங்க கொறைங்கன்னு நிப்பாங்க. மத்தவன் ஊட்டு டிவி மேல அவங்களுக்கு என்ன பொறாமையோ.

சம்சாரம் பேரு சாந்தாமணிங்க. கட்டிக்கிட்டு வந்த புதுசுல கணீர்னு பேசுவா. எங்கப்பன் சொல்லும், இந்தப் புள்ளை கெணத்துக்குள்ள இருந்து பேசினாலும் தெருவுக்குக் கேக்கும்னு. வரவர அவளுக்குத் தொண்டை கம்மிப்போச்சு. ஒதடு அசையும், சத்தம் வராது. டாக்டர்கிட்டப் போலாம் வான்னுகூடச் சொன்னேன், கஷாயம் வெச்சுக் குடின்னு சொன்னேன். அவ என்னய ஒரு மாதிரிப் பாத்துப்போட்டு உள்ள போயிட்டா. அவள மட்டும் சொல்லக்கூடாதுங்க. இப்பல்லாம் எல்லாருமே அப்பிடித்தான் பேசறாங்க, கவனிச்சிருக்கீங்களா? பேங்குல அந்தப் புள்ளை, ரேசன் கடைக்காரன், எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுங்கறாங்க. இந்த செல்போன் வந்ததுக்கப்பறம் மனுசனுக்குப் பேசற தெம்பே போயிருச்சு. நீங்க பரவால்லீங்க தம்பி, நல்லாப் பேசறீங்க.

வண்டிக் கதைக்கு வர்றேன். வண்டி அவளுதுங்க, என்றது இல்லை. இட்லி மாவு ஆட்டி ஊத்தற யாவாரம் அவளுக்கு. விடியறப்ப எந்திரிச்சு, கால் வெக்கற எடத்துல ஒரு டிரம்மு, பின்னால பெரிய மாவுப் போசி ஒண்ணு வெச்சுக் கட்டிக்கிட்டு, பனியன் கம்பெனிக் காலனிக்குப் போயிருவா. ஒரு வாசல்ல நிறுத்தி மாவ ஊத்தி, மறுபடி எடுத்து, அடுத்த வாசல்ல நிறுத்தி. அப்பிடியே காலனி பூராம். அங்க பொம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க. இவ வண்டி தெருவுக்குள்ள நொழையற சத்தம் கேட்டதுமே பாத்திரத்தோட வாசலுக்கு வந்துருவாங்களாமா. என்ற வண்டிக்குச் செண்டை மேளமே வேண்டாமுங்கன்னு சொல்லிச் சிரிப்பா. எப்பவோ சொன்னதுங்க. அப்பெல்லாம் அவ பேசிக்கிட்டு இருந்தா.

வண்டிய குமரவேலுன்னு ஒரு மெக்கானிக்குகிட்டத்தான் சர்வீஸுக்கு விடுவா. அவன் ஒரு பழக்கம் வெச்சிருந்தான். ஒரு சர்வீஸ் விட்டு ஒரு சர்வீஸு, வால்வு பாக்கோணும்னு பொழுதோட வண்டிய வாங்கி வெச்சுக்குவான். என்ஜின் சுத்தமா ஆறோணுமாமா, ஆறினாத்தான் அளவு சரியாத் தெரியுமாமா, விடிஞ்சுதான் தொறப்பான். என்ஜினுக்குள்ள ரெண்டு வால்வு இருக்குது பாருங்க, காத்தும் பெட்ரோலும் உள்ள வர ஒண்ணு, பொகை வெளிய போக ஒண்ணு. அந்த வால்வுக்கும் அத அமுத்தற சாமானுக்கும் நடுவால இத்தனையூண்டு எடம் உட்டிருக்கோணும். காயிதத் தடிமன்னு வெச்சுக்கங்க. எடம் எச்சாப் போனா டிக்கு டிக்குன்னு தட்டும், அதத்தான் டேப்பட்டுச் சத்தம்பாங்க. எடம் இல்லாமப் போனா சத்தமே வராது, ஆனா வால்வு முழுசா மூடாது, மூடாமயே நெருப்புல வெந்து தீஞ்சு போயிரும். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாதுங்க, எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் தெரிஞ்சுக்கிட்டது.

அப்ப நான் என்ன சொன்னேன்னா, இது வேண்டாத வேலைன்னு சொன்னேன். ஓடற வண்டியத் தொறந்து பாக்கறது, தூங்கறவனை எழுப்பி நல்லாத் தூங்கறயான்னு கேக்கறாப்பலன்னு சொன்னேன். தப்புங்களா? நல்லா இருக்கற திருகாணிய எதுக்குத் திருகோணும்? அதுவுமில்லாம வண்டி அங்க இருக்கற அன்னைக்கு மாவு ஊத்தப் போக முடியாது, அவளுக்குத்தான் நட்டம். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். இனி அதெல்லாம் வேண்டாம், ஆயில் மட்டும் மாத்துன்னு நானே போயி குமரவேலுகிட்டச் சொல்லிப்போட்டு வந்தேன். அவ ஏதோ சொன்னா. என்னன்னு தெரியலை, மூஞ்சி மட்டும் சுண்டிப்போச்சு.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை, கறி எடுக்க அவ வண்டியில நான் போனேன். கறிய வாங்கிட்டு வர்றப்பக் கேக்குது பாருங்க, டிக்கு டிக்கு டிக்கு டிக்கு. மெல்லிசா, விடாம. திக்குனு ஆயிருச்சு எனக்கு. அட, குமரவேலு சொன்னது சரிதானாட்டம் இருக்குது, நாம பாக்க வேண்டாம்னு சொல்லி டேப்பட்டு லூசாயிப் போச்சேன்னு நேரா அவன் கடைக்கே போனேன். கறி தூக்குலயே கெடந்துச்சு, மறந்தே போனேன். அவன் ஸ்டார்ட் பண்ணிக் கேட்டான். திருப்புளிய என்ஜின்ல ஒரு முனை வெச்சு, பிடிய காதுல வெச்சுக் கேட்டான். சுத்தமா இருக்குதுங்கண்ணா, ஒரு சத்தமும் இல்லைங்கறான். எங்கிட்டக் குடுடான்னு வாங்கி என்ற காதுல வெச்சேன். நல்லாக் கேக்குதுங்க! டிக்கு டிக்குன்னு சுவத்துப்பல்லியாட்டம் கேக்குது. இந்தச் சின்ன வயசுலயே இவனுக்குக் காது மந்தமாப் போச்சேன்னு எனக்குப் பாவமாப் போச்சு. என்ஜின் பக்கத்துலயே நின்னு வேலை செய்யறவன், போகத்தானே செய்யும்.

ஊட்டுக்கு வந்து சாந்தாமணியக் கூப்பிட்டு, கேளு, கேக்குதான்னு கேட்டேன். அவ கேட்டுப்போட்டு இல்லைன்னு கையக் காட்டினா. பக்கத்தூட்டுக்காரன் இல்லைன்னான். அப்பறம் பைபாஸுல புதுசா ஒருத்தன் கடை போட்டிருந்தான், அவங்கிட்டக் கொண்டு போனேன். அவன் பொழைக்கத் தெரிஞ்சவன். கேக்குதாடான்னேன். ஆமாங்கண்ணா, டேப்பட்டு அடிக்குது, நிறுத்திரலாம்னு சொன்னான். மனசு குளுந்து போச்சுங்க எனக்கு. ஒருத்தனுக்காவது காது இருக்குதேன்னு. துளி டைட் வெச்சுக் குடுத்தான். ஓட்டிக்கிட்டு வந்தேன். பாதி தூரம் வர்றப்ப மறுபடியும் டிக்கு டிக்கு.

திருப்பிக் கொண்டு போனேன். இன்னும் கொஞ்சம் வெச்சான். மறுபடியும் கேக்குது. திருப்பிக் கொண்டு போனேன். அவனே கடைசியில, அண்ணா இதுக்கு மேல வெச்சா வால்வு உக்காராதுங்கண்ணான்னு சொன்னான். சத்தம் நிக்கற வரைக்கும் வெய்யிடான்னேன். அன்னைக்கு அவளும் கூட வந்திருந்தா. என்ற சட்டையப் புடிச்சு இழுத்து என்னமோ சொன்னா. நேரமாச்சு போலாம்னு சொல்றாளாட்டம் இருக்குதுன்னு, ஆயிருச்சு ஆயிருச்சு, இருன்னு சொன்னேன். அவன் வெச்சுக் குடுத்துட்டான்.

அதுக்கப்பறம்தானுங்க வந்தது வெனை. காலையில ஸ்டார்ட் ஆகும். காலனிக்குப் போறதுக்குள்ள என்ஜின் சூடாயிரும். மொத வாசல்ல நிறுத்தினா, அவ்வளவுதான், திரும்ப எடுக்காது. சும்மா நின்னாலே அணைஞ்சுரும். உதைச்சு உதைச்சு அவ காலு வீங்கிப்போச்சு. ஆறின பொறகு எடுத்தா அடுத்த வாசல் வரைக்கும் போகும், மறுபடி நின்னுரும். வேலைக்குப் போறவங்க எவ்வளவு நேரம் பாத்திரத்த வெச்சுக்கிட்டு நிப்பாங்க? கடையில பாக்கெட்டு மாவு வாங்கிக்கிட்டாங்க. மீந்த மாவு டிரம்மோட புளிச்சு, வெயில்ல அவ வண்டியத் தள்ளிக்கிட்டு வருவா. மாவு பொங்கி அவ காலு மேலயே வழியும். வாசல்ல வண்டிய நிறுத்திப்போட்டு அப்பிடியே உக்காந்துருவா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. உடு, மாவு ஊத்தியா நாம சோறு திங்கறோம்னு சொன்னேன். ஆறுதலாத்தானுங்க சொன்னேன். அதுக்கு ஏன் அப்பிடி அழுதாள்னு தெரியலை.

கடைசியில என்ஜினோட தலையக் கழட்டிப் பாத்தாங்க. பொகை போற வால்வு, எலி கடிச்ச முறுக்காட்டம் ஓரத்துல தின்னு கெடக்குது. பைபாஸுக்காரன் சொல்றான், வால்வு தவணை தவறாமப் பாத்திருக்கோணும், நீங்க பாக்காம உட்டதாலதான் இப்பிடின்னு. குமரவேலுகிட்டக் கேட்டா, பாத்துப் பாத்துத்தான் கெடுத்துட்டீங்கண்ணா, நான் வெச்ச அளவு அப்பிடியே இருந்துச்சுன்னு சொல்றான். இவன் பாக்கலைங்கறான், அவன் பாத்ததாலங்கறான். நான் எவன் பேச்சக் கேக்கறது? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. பாக்கறதா, வேண்டாமா?

என்னங்க? அளவு பாத்துத்தான் வெக்கோணும், சத்தத்த வெச்சு வெக்கக்கூடாதா? அதுசரி. சத்தம் கேக்கறவனுக்குத்தானே தெரியும் அந்தக் கொடுமை.

அவ போன அன்னைக்கு நான் வாசல்ல உக்காந்து வண்டியத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். என்ஜின் தலை இல்லாமக் கெடந்துச்சு, இருந்தாலும் மேல துரு ஏறக்கூடாதில்லீங்களா. அவ பையோட வந்து பக்கத்துல நின்னா. சந்தைக்குப் போறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் நின்னா. அப்பறம் போயிட்டா. பொழுது சாஞ்சும் வரலை. மச்சான் ஊட்டுல இருந்து ஆளு வந்து சொல்லித்தான் தெரியும் எனக்கு.

அன்னையில இருந்து ஊட்டுல ஒரு சத்தமில்லீங்க. பூரா அமைதி. நான் ஆசைப்பட்ட அமைதி. சோறு ஆக்கத் தெரியாது எனக்கு, பன்னும் டீயும்தான். உக்காந்து டீயக் குடிச்சா, கேக்குது பாருங்க. டிக்கு டிக்கு டிக்கு டிக்கு. கடியாரமாட்டம் இருக்குதுன்னு பேட்டரியக் கழட்டினேன். கேக்குது. பக்கத்தூட்டு மோட்டருன்னு போயிப் பாத்தேன், அவங்க ஊரு பக்கம் போயிருக்காங்க. வண்டியோட என்ஜின் தலை குமரவேலு கடையில தட்டத்துல துண்டு துண்டாக் கெடக்குது. அப்பறம் எங்கிருந்துங்க வருது அந்த டேப்பட்டு? தெருவுல எவனோ ஒருத்தன் பாக்காம ஓட்டிக்கிட்டே இருக்கறான். இப்ப இந்த பஸ்லகூட. ஆமா, நல்லாக் கேளுங்க, டிரைவரு பாட்டுக்கு அடியால. கேக்கலீங்களா? உங்களுக்குமா?

ஏனுங்க என்னய அப்பிடிப் பாக்கறீங்க? சாந்தாமணியும் இப்பிடித்தான் பாத்தா.

போன்ல கூப்பிட்டுப் பாக்கலையான்னு கேக்கறீங்களா? கூப்பிடாம இருப்பேனா? எடுக்கறா. எடுத்து வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறா. நான் அலோ அலோன்னு கத்திக் கத்திப் பாத்துப்போட்டு வெச்சர்றேன். அவ்வளவு வைராக்கியம். நீங்க ஒரு ஒத்தாசை பண்ணுங்க தம்பி. உங்க போன்ல இருந்து ஒருக்காக் கூப்பிடுங்க. வேத்து ஆளுன்னா பேசுவா. இறங்கறதுக்கு முன்னால, அவ மனசுல என்ன இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டா, அந்த ஊட்டு வாசப்படி ஏற எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். இந்தாங்க, நம்பரு.

ரிங்கு போகுதுங்களா? எடுத்துட்டாளா? நான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? குடுங்க எங்கிட்ட. அலோ. சாந்தாமணி. நாந்தான். அலோ. பாத்தீங்களா? நான் சொன்னனில்லீங்களா, வாயே தொறக்க மாட்டேங்கறா.

என்னங்க? பேசிக்கிட்டுத்தான் இருக்கறாளா? இப்பவா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? முன்னால உக்காந்திருக்கற அம்மா திரும்பிப் பாக்கறாங்களே, அவங்களுக்குக்கூடக் கேக்குதா?

நீங்களே பேசுங்க தம்பி. இந்தாங்க, போன நீங்களே புடிங்க. நீங்க கேட்டு, காதுகிட்ட வந்து சொல்லுங்க. ஏன் சொல்லாமப் போனாள்னு கேளுங்க. அது ஒண்ணுதான்.

சொல்லிட்டுத்தான் போனாளாமா? எங்க நின்னு? வண்டிகிட்டயா? என்ன சொன்னாளாம்? மெதுவா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. "யாவாரமும் போச்சு, நான் பேசறது எதுவும் உங்களுக்கு வேண்டியதில்லை. நான் அண்ணன் ஊட்டுக்கே போயிரட்டுங்களா? நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிங்களா?" அப்பிடியா கேட்டா? எங்கிட்டயா?

அதுக்கு நான் என்ன சொன்னேனாம்?

தலையாட்டினேனா?

தம்பி, தம்பி, இதக் கேளுங்க. தறிகிட்ட நிக்கறவன் யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவானுங்க. உள்ள எவன் பேசறதும் எவனுக்கும் கேக்காது. மொதலாளி வருவாரு, ஒதடு அசையும், தலையாட்டுவோம், அவரு போயிருவாரு. தலையாட்டாட்டி அங்கயே நின்னு கத்திக்கிட்டு இருப்பாரு. அது பழக்கமுங்க. அது சரின்னு சொன்னதில்லை. ஐயோ, அது சரின்னு சொன்னதே இல்லைன்னு அவகிட்டச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு சொல்லுங்க. எத்தனையோ நாளா எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லையாட்டம் இருக்குதுன்னு சொல்லுங்க தம்பி.

சொல்லிட்டீங்களா? அழுகறாளா? என்னங்க, இப்ப ஏதோ கேக்கறாளா?

இருங்க இருங்க, நீங்களா சரின்னு சொல்லிராதீங்க. நானும் தலைய அசைக்கலை, பாருங்க, கையில புடிச்சுக்கிட்டேன். அவ என்ன கேக்கறாள்னு மொதல்ல எனக்குச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. பஸ்ல எல்லாருக்கும் கேட்டாலும் பரவால்லை, இன்னும் சத்தமாச் சொல்லுங்க.